இரண்டாம் காதலைப் படித்தால் பிள்ளை கெட்டுப்போகுமா?

மாத்தளையில் ஒரு பெண்பிள்ளையின் புத்தகப் பையில் காதல் நாவல் அகப்பட்டால் அடுத்து என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பழைய கலண்டர் தாளில் அட்டை போட்டு, நாலைந்து பேர் கை மாறி, கடைசித் தாள் கிழிந்துபோன அந்தப் புத்தகம் பறிமுதலாகும்; வீட்டுக்கு ஆள் போகும். காதல் நாவல்களிலும் ஒரு வகைக்கு மட்டும் இன்று கண்டனம் கூடுதல். காதலித்தவன் கைவிட்டபின் ஒருத்தி அழுது, தேறி, வேலைக்குப் போய், வேறொருவனை விரும்பி வாழத் தொடங்கும் கதை அது. "பழகின ஒருத்தன விட்டுட்டு இன்னொருத்தன கட்டிக்கிறது ஒரு கதையா? இதப் படிச்சா புள்ளைங்க என்னத்துக்கு ஆகும்?" வகுப்பறையிலும் வீட்டிலும் கோயில் சபையிலும் கேட்கும் இந்தக் கேள்வியையே, கொஞ்சம் மெருகு ஏற்றி, இலக்கியக் கூட்டங்களிலும் கேட்கிறார்கள். எதிர்த்துப் பேச ஆளில்லாததால் அது முடிந்த முடிவாகிவிட்டது. அது தவறான முடிவு என்பது என் வாதம்.

மறுக்கும் முன் அந்தக் கருத்தை அதன் முழு வலுவோடு சொல்லிவிடுவதுதான் நேர்மை. சாதாரண தரமும் உயர்தரமும் தலைக்கு மேல் நிற்கும் வயதில் இந்தக் கதைகள் மனதைத் திருப்பிவிடுகின்றன என்கிறார்கள். இல்லாத ஆசையை மூட்டுகின்றன. பிரிவைச் சாதாரணமாக்கி, ஒருவனுக்கு ஒருத்தி என்ற பண்பாட்டை அரிக்கின்றன என்கிறார்கள். சம்பளத்துக்கும் காணிக்கும் வீட்டுக்கும் இன்னமும் போராடிக்கொண்டிருக்கும் மலையகச் சமூகத்துக்குக் காதல் தோல்விக் கதை ஒரு ஆடம்பரம் என்கிறார்கள். இவை இலக்கியமே இல்லை, சந்தைச் சரக்கு என்றும் சொல்கிறார்கள். இப்படிச் சொல்பவர்கள் பிள்ளைகளின் எதிரிகள் அல்லர். தோட்டப் பாடசாலையிலிருந்து பல்கலைக்கழகம் வரை ஒரு பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எத்தனை பாடு என்று தெரிந்தவர்கள்தான் பயப்படுகிறார்கள். பயம் நியாயமானது. ஆனால் அவர்கள் காவலுக்கு நிற்கும் இடம் தவறு. ஆபத்து வேறு வாசலால் வருகிறது.

1. காதல் நாவலால்தான் காதல் வருகிறதா? காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிப் பார்க்கும் பிழை இது. மாத்தளை நகரத்துத் தனியார் வகுப்பு வாசலிலும், இறத்தோட்டைக்கும் எல்கடுவைக்கும் போகும் பஸ்ஸிலும் காதல் முளைப்பதற்கு எந்த நாவலாசிரியரின் உதவியும் தேவைப்படவில்லை. வாசிப்பு வாசனையே இல்லாத பையன்களும் காதலிக்கிறார்கள். அவர்கள் கையில் இருப்பது கைபேசி. காதில் இருப்பது சினிமாப் பாட்டு. காதலைச் சொல்லும் நூல்தான் கெடுக்கும் என்றால் பாடப் புத்தகத்திலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். எட்டுத்தொகையில் நற்றிணை, குறுந்தொகை, ஐங்குறுநூறு, கலித்தொகை, அகநானூறு என்று ஐந்து நூல்கள் முழுக்க அகத்துக்கே உரியவை. களவும் உடன்போக்கும் அவற்றில் உண்டு. பிரிவுக்கென்று பாலைத்திணையே உண்டு. அவற்றைப் பெருமையோடு கற்பித்துவிட்டு, இன்றைய மொழியில் அதே மனநிலையைப் பேசும் கதையைப் பறிப்பது என்ன நீதி? காதல் எப்படித் தொடங்கும் என்பதைப் பிள்ளைகள் யாரிடமும் கற்க வேண்டியதில்லை. அது முறிந்தால் மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்வது என்பதுதான் அவர்களுக்கு யாரும் சொல்லித் தராத பாடம். தாயிடம் கேட்க முடியாது, அடி விழும். ஆசிரியரிடம் கேட்க முடியாது, மானம் போகும். தோழிக்கோ அவளளவே தெரியும். மிச்சம் இருப்பது கதை ஒன்றுதான்.

2. பிரிவைச் சாதாரணமாக்குகிறது என்பது குற்றச்சாட்டா, பாராட்டா? இந்தக் கதைகள் இல்லாவிட்டால் அந்த இடம் வெறுமையாக இருக்கப்போவதில்லை. வேறு கதை ஏற்கெனவே அங்கே குடியிருக்கிறது. 1953இல் தமிழில் வந்த 'தேவதாஸ்' தொடங்கி இன்றுவரை, காதல் முறிந்தவன் குடித்து அழிவதையும் காதலித்தவள் உயிரை விடுவதையும் தியாகம் என்று கொண்டாடும் கதைகள்தான் நம் பிள்ளைகளின் காதில் முதலில் விழுகின்றன. உண்மையான காதல் ஒரு தடவைதான், அது போனால் எல்லாம் போயிற்று என்ற அந்தப் பாடத்தை எந்தப் பெற்றோரும் பறிமுதல் செய்ததில்லை. இலங்கையில் இதை வெறும் ரசனைப் பிரச்சினையாக ஒதுக்கிவிட முடியாது. 1995இல் இந்நாட்டில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகின் மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று அது. பிறகு அது பெருமளவு குறைந்தது. ஆய்வாளர்கள் முதன்மையாகச் சுட்டும் காரணம், மிக நச்சான பூச்சிகொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்தது. அந்தச் சரிவு நமக்குச் சொல்வதைக் கவனமாகக் கேட்க வேண்டும். அந்த ஆண்டுகளில் மனிதர்களின் துயரம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. கண நேரத் துயரத்துக்கும் மரணத்துக்கும் நடுவில் கொஞ்சம் அவகாசம் கிடைத்தது. கிடைத்தவர்களில் எத்தனையோ பேர் பிழைத்து வாழ்ந்தார்கள். அப்படியானால், தாங்க முடியாது என்று தோன்றும் நாளும் கடந்து போகும் என்ற செய்தி உயிர் காக்கும் செய்தி. மீண்டும் காதலிக்கும் கதையின் உள்ளே இருப்பது அந்தச் செய்திதான்.

கதை உயிரைப் பறிக்கும் என்ற அச்சம் பழையது. கெதேயின் 'வெர்தர்' 1774இல் வெளிவந்தது. காதலில் தோற்ற இளைஞன் தன்னை மாய்த்துக்கொள்ளும் அந்த நாவல் இளைஞர்களைத் தொற்றும் என்று அஞ்சி, அடுத்த ஆண்டே லைப்சிக் நகரம் அதைத் தடை செய்தது. ஆனால் அதே அச்சத்துக்கு ஒரு மறுபக்கம் உண்டு என்பதை நம்மவர்கள் பேசுவதில்லை. மோட்சார்ட்டின் 1791ஆம் ஆண்டு இசை நாடகமான 'மாயப் புல்லாங்குழல்' கதையில் பாப்பகேனோ என்ற பறவை பிடிப்பவன், காதலியை இழந்துவிட்டதாக எண்ணிச் சாகத் துணிகிறான். மூன்று சிறுவர்கள் வந்து வேறு வழியிருப்பதை நினைவூட்ட, அவன் வாழ்கிறான். வியன்னாவில் நீடர்குரோட்டென்டாலரும் சக ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, தற்கொலை பற்றிய 497 ஒஸ்திரியப் பத்திரிகைச் செய்திகளைப் பகுத்துப் பார்த்தது. சாகும் எண்ணத்திலிருந்து மீண்டு, நெருக்கடியைக் கடந்தவர்களைப் பற்றிய செய்திகளைத் தொடர்ந்து தற்கொலைகள் குறையும் போக்கு அதில் தெரிந்தது. அந்தப் பறவை பிடிப்பவனின் பெயரையே அந்த விளைவுக்கு வைத்தார்கள். அந்த ஆய்வு செய்திகளைப் பற்றியது, நாவல்களைப் பற்றியதல்ல. அதை வைத்து நாவலை மருந்தாக்கிவிட முடியாது. ஆனாலும் ஒன்றைக் கேட்கலாம். சாவில் முடியும் காதல் கதை தொற்றும் என்று நம்புகிறவர்கள், வாழ்வில் முடியும் கதையும் தொற்றும் என்பதை எந்த நியாயத்தில் மறுக்கிறார்கள்?

3. எந்தப் பண்பாட்டைக் காப்பாற்றுகிறோம்? ஒருவனுக்கு ஒருத்தி என்பது நம் காப்பியங்களில் எப்படி நடைமுறையானது என்று பார்ப்போம். சீவகன் எட்டுப் பெண்களை மணக்கிறான். சீவக சிந்தாமணிக்கு மணநூல் என்றே பெயர். கோவலன் கண்ணகியை விட்டு மாதவியிடம் போகிறான், மாதவியை விட்டுக் கண்ணகியிடம் திரும்புகிறான். திரும்பியவனை வீடு ஏற்றுக்கொள்கிறது. ஆனால் கோவலன் இறந்தபின் மாதவிக்கு மீந்தது துறவு. கண்ணகிக்கு மீந்தது தீ. இருவரில் ஒருத்திக்காவது இன்னொரு வாழ்க்கை உண்டா என்ற கேள்வியே அங்கே எழவில்லை. அந்தக் காப்பியங்களின் பெருமையைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. மீண்டும் தொடங்கும் உரிமை ஆணுக்கு எப்போதும் இருந்தது, பெண்ணுக்குத்தான் மறுக்கப்பட்டது என்பதற்குச் சான்றாகவே சொல்கிறேன். இன்றும் மாத்தளையில் காதல் முறிந்த பையனுக்குக் கிடைப்பது நண்பர்களின் ஆறுதல். அதே காதலில் இருந்த பெண்ணுக்குக் கிடைப்பது, "அது பழகின புள்ளதானே" என்ற முத்திரை. அந்த முத்திரைக்குப் பயந்துதான் அவசரக் கல்யாணங்கள் நடக்கின்றன, படிப்பு நிற்கிறது, வீட்டுக் கதவு சாத்தப்படுகிறது. மீண்டும் காதலிப்பவளைக் கதையின் நடுவில் கௌரவமாக நிறுத்தும் நாவல் அரிப்பது பண்பாட்டை அல்ல, அந்த முத்திரையைத்தான். ஈழத்தில் பெண் ஒருவர் எழுதிய முதல் நாவலாக எண்ணப்படும் மங்களநாயகம் தம்பையாவின் நூல் 1914இல் வந்தது. அதன் பெயர் 'நொறுங்குண்ட இருதயம்'. பெண் எழுத வந்தபோது முதலில் எழுதியதே நொறுங்கிய இதயத்தைப் பற்றி. நூறு ஆண்டு கழித்து, நொறுங்கியது மறுபடி கூடுவதைப் பற்றி எழுதக் கூடாது என்று தடுப்பதற்கு யாருக்கு அதிகாரம்?

4. மலையகத்துக்குக் காதல் முறிவு ஆடம்பரமா? இந்த வாதம்தான் என்னை மிகவும் வருத்துகிறது. மலையகத்தின் வரலாறு தெரிந்தவர்களே இதைச் சொல்கிறார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து மாத்தளையில் மலையேறியவர்களின் சந்ததி நாம். பிரிவோடுதான் இந்த வாழ்க்கை தொடங்கியது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. மீதி 1,50,000 பேரின் தலைவிதி பின்னுக்குத் தள்ளப்பட்டது. அண்ணன் ஒரு நாடு, தங்கை ஒரு நாடு என்றானது. ஒரே லயத்தில் வளர்ந்து, ஒருவரை ஒருவர் விரும்பியவர்களில் ஒரு வீட்டுக்கு இந்தியக் கடவுச்சீட்டும் மற்ற வீட்டுக்கு இலங்கைப் பிரஜாவுரிமையும் வந்தால், அந்தக் காதலை அரசாங்கம் எந்தப் படிவத்தில் எழுதிக் கணக்குப் பார்த்தது? இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களை ஏற்றித் தலைமன்னாருக்குப் போன ரயிலை மக்கள் அழுகைக் கோச்சி என்றார்கள். 1984இல் இராமேஸ்வரக் கப்பலும் நின்றது. பிரிந்த பின்னும் இரு கரைகளிலும் மனிதர்கள் வாழ்ந்தார்கள். வேறொருவரை மணந்தார்கள், பிள்ளை பெற்றார்கள், அன்பு செய்தார்கள். மீண்டும் அன்பு செய்வது துரோகம் என்றால், மலையகத்தின் பாதிக் குடும்பங்களின் பிறப்பையே துரோகம் என்று சொல்ல வேண்டி வரும். இன்றும் கொழும்புக் கடைக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் மத்திய கிழக்கு வீட்டு வேலைக்கும் போகும் பாதையில் உறவுகள் அறுகின்றன. சம்பளப் பிரச்சினையும் காதல் முறிவும் ஒரே பிள்ளையின் ஒரே வாரத்தில் நடக்கின்றன. கொழுந்துக் கூடையின் பாரத்தைப் பேசும் இலக்கியம், அந்தக் கூடையைச் சுமப்பவளின் நெஞ்சுப் பாரத்தைப் பேசினால் தரம் தாழ்ந்துவிடாது.

5. விட்டு விலகத் தெரியாத பிள்ளைக்கு என்ன நேரும்? தடை கேட்பவர்கள் விளைவைப் பற்றிப் பேசுகிறார்கள், விளைவையே பார்ப்போம். முதல் காதலே இறுதிக் காதல் என்று நம்பும் பெண், கை நீட்டுகிற காதலனையும் பொறுத்துக்கொள்வாள். விலகினால் வாழ்க்கை முடிந்தது என்று அவளுக்குச் சொல்லித் தந்திருக்கிறோம் அல்லவா? "படத்தை எல்லோருக்கும் அனுப்பிவிடுவேன்" என்று கைபேசியைக் காட்டி மிரட்டுகிறவனின் பலமெல்லாம் அந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது. மிரட்டலுக்குப் பணிந்து அவனையே மணந்தால் கதை இன்னும் மோசமாகிறது. இலங்கையின் பொதுச் சட்டம் 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தை அடியாகக் கொண்டது. பிறன்மனைத் தொடர்பு, வன்மமாகக் கைவிட்டுப்போதல், மணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு ஆகியவற்றில் ஒன்றை மற்றவர் மேல் நிரூபித்தால்தான் அதன்படி விவாகரத்து. ஒத்துவரவில்லை என்ற காரணம் அந்தப் பட்டியலில் இல்லை. தவறான உறவைக் கல்யாணத்துக்கு முன் முறிப்பதற்கு ஒரு மாதக் கண்ணீர் போதும். பின் முறிப்பதற்கு வழக்கறிஞரும் வருடங்களும் வேண்டும். இந்த வகை நாவல்களில் அடிக்கடி வரும் ஒரு கட்டத்தைப் பாருங்கள். கைவிட்டவன் பல மாதம் கழித்து பஸ் தரிப்பிடத்தில் எதிரே வருகிறான், மன்னிப்புக் கேட்கிறான். நாயகியின் கை பைப்பிடியை இறுக்குகிறது. குரல் நடுங்குமோ என்று பயப்படுகிறாள், நடுங்கவில்லை. "வேலைக்கு நேரமாகுது" என்று சொல்லி பஸ் ஏறுகிறாள். சாதாரணமாக எழுதப்பட்ட ஒரு பக்கம்தான். ஆனால் மறுப்புச் சொல்வது எப்படி, சொன்னபின் நிமிர்ந்து நடப்பது எப்படி என்று பதினேழு வயதுப் பிள்ளைக்கு நம் பாடத்திட்டத்தில் எந்தப் பக்கம் சொல்லித் தருகிறது?

6. தரமில்லை என்றால் தீர்வு தடையா? தரம் பற்றிய புகாரில் உண்மை உண்டு. அதை மறைப்பதால் என் வாதத்துக்கு லாபமில்லை. ரமணிசந்திரன் தொடங்கி வைத்த பெரும்பாதையில் நாயகன் பெரும்பாலும் பணக்காரன். அவன் கோபம் ஆண்மையாகக் காட்டப்படுகிறது. பலவந்தத்தையும் சில நாவல்கள் காதல் என்கின்றன. அவரைப் பின்பற்றி வந்த பலரின் நாவல்களிலும், பிரதிலிபி போன்ற செயலிகளில் வாரம் தோறும் வரும் தொடர்களிலும் இந்தக் கோளாறு தொடர்கிறது. ஆனால் கூர்ந்து பார்த்தால் ஒன்று விளங்கும். பழைய பாணிக் குடும்ப நாவலில் முறிவு என்பது பெரும்பாலும் ஒரு தவறான புரிதல்தான். கடைசியில் அதே நாயகன் திரும்பி வருவான். இடையில் வேறொருவன் வந்திருந்தால் அவன் வில்லனாகிவிடுவான், அவள் அவனை மெய்யாக விரும்பவே இல்லை என்று கதை சத்தியம் செய்யும். மெய்யாக ஒருவனை விரும்பினாள், அது முறிந்தது, மெய்யாகவே இன்னொருவனை விரும்புகிறாள் என்று எழுதத் துணிந்த கதைகள் அந்தப் பாதையிலிருந்து விலகியவை. நம்மவர்கள் கண்டிப்பது இவற்றைத்தான். பலவந்தத்தைக் காதலாக்கும் நாவல் கல்யாணத்தில் முடிவதால் தப்பிவிடுகிறது. பெண்ணின் மனமாற்றத்தைக் கண்ணியமாகச் சொல்லும் நாவல் மாட்டிக்கொள்கிறது. கண்டனம் தரத்தைப் பற்றியது என்றால் இப்படித் தலைகீழாக நடக்குமா?

எதிர்த் தரப்பின் இறுதி வாதம் ஒன்று மிச்சம் இருக்கிறது: வயது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்பார்கள். எல்லாக் கதையும் எல்லா வயதுக்கும் உரியதல்ல என்பதை ஏற்கிறேன். உடலுறவுக் காட்சிகளையும் வன்முறையையும் பொறுத்து வயது பார்த்துத் தெரிவு செய்வது பெரியவர்களின் கடமை. ஆனால் தெரிவு செய்வதற்குப் படித்திருக்க வேண்டும். பறிப்பவர்களில் பலர் பறித்த புத்தகத்தைப் படித்ததில்லை. அட்டையைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுகிறார்கள். அதன் விளைவாக, பெரியவரோடு பேசித் தெளிய வேண்டிய கதையைப் பிள்ளை ஒளித்துப் படிக்கிறது. நல்லதும் கெட்டதும் ஒன்றாகவே ஒளிகின்றன. பலவந்தத்தைப் பலவந்தம் என்று சுட்டிக்காட்ட ஒரு பெரியவர் பக்கத்தில் இல்லாமற்போவதுதான் தடையின் உண்மையான பலன்.

எனவே கேட்கவேண்டியது இதுதான். பாடசாலை நூலகப் பொறுப்பாசிரியர்கள் இந்த நாவல்களை முதலில் தாங்கள் படிக்கட்டும். படித்து, தேர்ந்தவற்றைத் தட்டில் வைத்து, மாணவர்களோடு வெளிப்படையாக விவாதிக்கட்டும். பெற்றோர், மகளின் கையில் இருக்கும் கதையின் முடிவு என்னவென்று கேட்கட்டும். அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கும் உரையாடல் எந்தப் பூட்டையும் விட நல்ல காவல். எழுத்தாளர்களுக்கு இன்னும் பெரிய கடமை உண்டு. மாத்தளை சோமுவும், மாத்தளை வடிவேலனும், மலரன்பனும், 'வழி பிறந்தது' எழுதிய மாத்தளை கார்த்திகேசுவும் இந்த மண்ணின் பெயரைத் தமிழ் இலக்கியத்தில் எழுதினார்கள். தோட்டத்து வாழ்வைக் கதைக்குரியதாக்கினார்கள். அந்தக் கதைக்களத்தை அடுத்த தலைமுறையின் காதலுக்கும் முறிவுக்கும் மீட்சிக்கும் திறந்துவிட வேண்டியது இன்று எழுதுகிறவர்களின் பொறுப்பு. சென்னைப் பணக்கார வீட்டுக் கதைகளைப் பிள்ளைகள் தேடிப் படிக்கிறார்கள் என்று குறைப்படுவோர், உக்குவளையிலும் இறத்தோட்டையிலும் ஒரு பெண் காதலை இழந்து மீண்டு எழும் கதையை எழுதிக் கொடுக்கட்டும். அதுவரை, மீண்டு எழலாம் என்று சொல்லும் புத்தகத்தை, அது எவ்வளவு எளிய புத்தகமாக இருந்தாலும், பிள்ளையின் கையிலிருந்து பறிக்க நமக்கு உரிமையில்லை.